செல்ஃப் எடுக்காத கார்: ஸ்கேனரா, டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் காரின் பானெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பதினோரு வருடப் பெட்ரோல் வண்டி. திறந்து பார்த்தால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று உருகிப் போயிருந்தது. எலக்ட்ரீசியன் வந்து கருகியதை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு போட்டார். அப்புறமும் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "செல்ஃப் மோட்டார் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றுவதற்கு முன் நானே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்கேனர், டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் மூன்றையும் அந்த ஒரே பழுதில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

இப்போது எல்லோரும் முதலில் எடுப்பது ஸ்கேனரைத்தான். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும், ஸ்கேனரைச் செருகிக் காரின் கம்ப்யூட்டரோடு பேசும் இடம் அது. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு புளூடூத் கருவி வாங்கினால் போனிலேயே கோடு, அதாவது கார் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு, படிக்கலாம். நான் செருகியதும் கருவியில் விளக்கு எரிந்தது, ஒரு கோடும் வரவில்லை. விளக்கு எரிவதை நம்பிவிடக் கூடாது. அந்தச் சாக்கெட்டின் 16-வது பின்னுக்கு பேட்டரியிலிருந்தே கரண்ட் வருகிறது. இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், செத்துக் கிடந்தாலும் விளக்கு எரியும். என் வண்டியில் இசியு நன்றாகவே பேசியது. ஆனால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் என்ன நடக்கிறது என்று அது கண்காணிப்பதே இல்லை. அதனால் கோடும் இல்லை.

டெஸ்ட் லேம்ப் என்பது கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் எரியும் சின்ன பல்பு, நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க இதைவிட வேகமான கருவி கிடையாது. சாவியைத் திருப்பும்போது சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) சின்ன வயருக்குக் கரண்ட் வருகிறதா என்பதையும் இதில்தான் பார்த்தேன், பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவி, ரிலே பக்கம் சரி என்று தெரிந்துவிட்டது. இசியு, ஏர்பேக் வயர்களில் மட்டும் இதை வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்டை அவை தாங்காது.

மல்டிமீட்டருக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது. பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, நல்ல பேட்டரி. எர்த் கேபிளின் இரு முனையிலும், இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப் வைத்துப் பார்த்தேன், கீச்சென்று கத்தியது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். செல்ஃப் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கிற சாமான். எர்த்தில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 100 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 ஓம் காட்டுகிறதே, அது எப்படி 0.05-ஐப் பிடிக்கும்? அதனால் ஓம்ஸை விட்டுவிட்டு வோல்ட்டில் வைத்து, கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். வோல்டேஜ் டிராப் என்பது இதுதான்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி 11.9-க்குக் கீழே இறங்கவில்லை. அதுவே பெரிய துப்பு. மோட்டார் இறுகியிருந்தால் கரண்டை வாரி இழுத்து, பேட்டரியை 9, 10 வோல்ட்டுக்குக் கொண்டுவந்திருக்கும். அடுத்து, பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாரின் தடித்த முனை வரை: 0.1 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். கடைசியாக பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக் வரை: 4 வோல்ட்டுக்கு மேல்! அங்கே 0.2-ஐத் தாண்டவே கூடாது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலிருந்த எர்த் பட்டையைக் கழற்றினேன். உறைக்கு உள்ளே முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, கையில் பொடியாக உதிர்ந்தது. முதலில் வயர் கருகியதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. பெரிய வழி அடைபட்டதால் மோட்டாரின் கரண்ட் அந்த மெல்லிய எர்த் வயர் வழியாகத் திரும்பியிருக்கிறது. வயரை மாற்றினோமே தவிர, அது கருகிய காரணம் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புது வயரும் உருகியிருக்கும். புதுச் செல்ஃப் மோட்டார் போட்டிருந்தாலும் அதே ‘டக்’தான் கேட்டிருக்கும். இதனால்தான் என் ஓட்டு மல்டிமீட்டருக்கு.

மீட்டர் இல்லாத நேரத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் பழுது எர்த்தில்தான். அப்புறம் ஒன்று: மீட்டரை ஆம்பியரில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். 10 ஆம்பியர்தான் அதற்கு எல்லை.

இதையெல்லாம் சாவி போட்டுத் திருப்பும் வண்டியில்தான் செய்திருக்கிறேன். புஷ் பட்டன் வண்டியிலோ ஹைப்ரிட்டிலோ நான் கை வைத்ததில்லை, அதனால் அவற்றுக்கு இதே வரிசையைச் சொல்ல மாட்டேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் நானும் ஸ்கேனரைத்தான் முதலில் செருகுவேன். பி0335 என்று கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்வது) கோடு வந்தால் அரை நாள் வேலை மிச்சம்.

புது எர்த் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி இறுக்கினேன். அதே பழைய செல்ஃப் மோட்டார் முதல் திருப்பிலேயே எடுத்தது. மறுபடி அளந்தேன்: 0.1 வோல்ட்.