மட்டக்களப்பில் இருந்து உலகப் பாரம்பரியத் தபாலட்டை சேர்க்க மூன்று வழிகள்: எது யாருக்கு?

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 வரை 1,248 இடங்கள் ஏறியிருக்கின்றன. இலங்கைக்கு அதில் எட்டு. மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் ஒன்றும் இல்லை. அந்த இடங்களை நேரில் போய்ப் பார்க்க எங்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் அங்கிருந்து புறப்பட்ட ஒரு தபாலட்டையை, அந்த நாட்டு முத்திரையோடும் அந்த ஊர்த் தபால் சீலோடும் வாங்கி வைத்துக்கொள்வது பள்ளிப் பிள்ளைக்கும் முடிந்த காரியம். அதற்குப் போஸ்ட்கிராஸிங், நேரடிப் பரிமாற்றம், பழைய அட்டைகளை விலைக்கு வாங்குவது என்று மூன்று வழிகள் உண்டு. பாரம்பரிய இடங்கள்தான் உங்கள் நோக்கம் என்றால் நேரடிப் பரிமாற்றமே நல்லது என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

போஸ்ட்கிராஸிங் என்பது உலகெங்கும் உள்ளவர்கள் தபாலட்டை அனுப்பிக்கொள்ளும் இணையத்தளம், 2005 ஜூலையில் போர்த்துக்கல்லில் தொடங்கியது. முகவரி கேட்டால் எங்கோ ஒரு நாட்டு உறுப்பினரின் விலாசமும் ஓர் இலக்கமும் தருவார்கள். எங்களுடைய இலக்கம் எல்கே என்று தொடங்கும். அதை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். கிடைத்தவர் அந்த இலக்கத்தைப் பதிந்ததும், வேறு யாரோ ஒருவருக்கு உங்கள் விலாசம் போகும். புதியவர் ஒரே நேரத்தில் ஐந்து அட்டை வரை அனுப்பலாம். அனுப்பினால் வரும் என்ற ஒழுங்கு இதில் உண்டு, தொடங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ஒரு சின்ன விஷயம்: இலக்கத்தை இரண்டு இடத்தில், போல்பொயின்ட் பேனையால் எழுதுங்கள். பளபளப்பான அட்டையில் ஜெல் மை காயாமல் இழுபடும். சீல் மேலே விழுந்தாலும் ஓரிடத்திலாவது இலக்கம் தப்பும்.

குறை என்னவென்றால், வருவது உங்கள் கையில் இல்லை. பாரம்பரிய இடங்கள் வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் எழுதி வைக்கலாம், ஆனால் அனுப்புகிறவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. பூனைக்குட்டியும் வரும், பூச்சாடியும் வரும். ஜேர்மனியில் உறுப்பினர்கள் மிக அதிகம் என்பதால் கொலோன் பேராலயம் திரும்பத் திரும்ப வர வாய்ப்புண்டு. எத்தியோப்பியாவின் லலிபெலாவுக்குக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

நேரடிப் பரிமாற்றம் என்பது இன்னொரு சேகரிப்பாளரோடு நீங்களே பேசி அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்வது. இதில் இன்ன இடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம். இதற்கு ஒரு நல்ல தொடக்கம் சொல்கிறேன். பட்டியலில் முதன்முதலாக, 1978இல், ஏறியவை பன்னிரண்டு இடங்கள் மட்டுமே: எக்குவடோரில் கலாபகோஸ் தீவுகளும் கீத்தோ நகரமும், ஜேர்மனியில் ஆகன் பேராலயம், போலந்தில் கிராக்கோவ் நகரம், அதன் அருகே வியெலிச்சா உப்புச் சுரங்கம், செனகலின் கோரே தீவு, எத்தியோப்பியாவில் லலிபெலாவும் சிமியென் மலைகளும், அமெரிக்காவில் யெலோஸ்டோனும் மேசா வெர்டேயும், கனடாவில் நஹான்னியும் லான்ஸ் ஓ மெடோஸும். இந்தப் பன்னிரண்டையும் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் சேகரிப்புக்கு ஓர் உருவம் வந்துவிடும். கிராக்கோவில் இருப்பவரிடம் கேட்டால் இரண்டு அட்டை ஒன்றாகவே கிடைக்கும். கோரேக்கு ஆள் தேடத்தான் பொறுமை வேண்டும்.

பரிமாற்றம் பழகியவர்கள் உங்களுக்காக இன்னும் ஒரு படி போவார்கள். அட்டையில் உள்ள இடமே முத்திரையிலும் இருக்கும்படி தேடிப் பிடித்து, படப் பக்கத்திலேயே ஒட்டி, அந்த ஊர்த் தபால் நிலையத்தில் சீல் குத்தி வாங்குவார்கள். மாக்சிமம் கார்ட் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். படம், முத்திரை, சீல் மூன்றும் ஒரே இடத்தைச் சொல்லும் அப்படி ஓர் அட்டையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: முத்திரையில் பாதியும் படத்தில் பாதியுமாகச் சீலின் வட்டம் பதிந்திருக்கும். போஸ்ட்கிராஸிங்கில் தானாக வராத பொருள் இது. ஐக்கிய நாடுகள் தபால் நிர்வாகம் 1997 முதல் உலகப் பாரம்பரிய முத்திரைகள் வெளியிடுகிறது. அவை நியூயோர்க், ஜெனீவா, வியன்னா அலுவலகங்களில் இருந்து அனுப்பினால் மட்டுமே செல்லும். அந்த ஊர்களில் ஒரு நண்பர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆபத்தும் உண்டு. தொலைந்தால் ஈடு இல்லை, ஏமாற்றினால் கேட்க ஆள் இல்லை. அதனால் முதலில் ஓர் அட்டைக்கு ஓர் அட்டை என்று மாற்றிப் பாருங்கள், நம்பிக்கை வந்த பிறகு கட்டாக மாற்றலாம்.

விலைக்கு வாங்குவதை நான் ஒரு காரியத்துக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்: இன்று இல்லாதவற்றுக்கு. ஆப்கானிஸ்தானின் பாமியன் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்டன. சிரியாவில் பல்மைராவின் பெல் கோயில் 2015இல் போனது. பொஸ்னியாவின் மொஸ்டார் பாலம் 1993இல் விழுந்து 2004இல் திரும்பக் கட்டப்பட்டது, பழைய பாலத்தைப் பழைய அட்டையில்தான் பார்க்கலாம். வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். விலாசத்துக்கும் செய்திக்கும் நடுவே கோடு இல்லாவிட்டால் அது பெரும்பாலும் 1907க்கு முந்திய அட்டை. அந்தக் காலத்தில் பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும், செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதினார்கள். உண்மையான புகைப்பட அட்டை என்று விற்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மற்றபடி, 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 2022இல் 360 வரை ஏறியபின், அட்டை விலையும் தபால் செலவும் சேர்த்து மாணவர்களுக்கு இது எட்டாத வழியாகிவிட்டது.

சரி, பரிமாற்றத்துக்கு நாங்கள் எதைக் கொடுப்பது? கடைகளில் கிடைப்பது சிகிரியா, யானை, காலிக் கோட்டை. வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் சிகிரியா ஏற்கெனவே இருக்கும். அவரிடம் இல்லாதது எங்கள் ஊர்தான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, பாடும் மீன் கேட்கும் வாவி: இவற்றுக்கு அட்டை தேடினால் கிடைப்பது அரிது. நீங்களே படம் எடுத்து அச்சடியுங்கள், மாற்றிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். கனமான அட்டையில், சுமார் 300 ஜிஎஸ்எம், 105க்கு 148 மில்லிமீற்றர் அளவில் அச்சகத்தில் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் லெமினேட் செய்யட்டும். பின்பக்கமும் செய்தால் முத்திரை ஒட்டாது, சீல் மையும் வழியும்.

வந்த அட்டைகளை மாரி தொடங்குமுன் பத்திரப்படுத்துங்கள். பீவிசி உறைகள் நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும், பொலிபுரோபிலீன் உறைகளே நல்லது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் இராமபாணப் பூச்சி முதலில் தேடி வருவது பழைய முத்திரைப் பசையைத்தான்.