மழைக்கால மலைப்பாதை: சி180ஆ, அலியனா?

பழைய மெர்சிடிஸ் சி180ஐ எடுத்ததில் இருந்து வெள்ளவத்தையில் ஒரே கேள்வி: "ஹட்டனுக்கு அடிக்கடி போற ஆள், பின்சில்லு இழுக்கிற காரை ஏன் எடுத்தனீர்?" கையில் இருந்த மற்றத் தெரிவு டொயோட்டா அலியன், முன்சில்லு இழுவை.

கொழும்புக்குள் மட்டும் ஓடுவதென்றால் பேச்சே இல்லை, அலியன்தான். பெற்றோல் குறைவு, பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், விற்கப்போனால் அன்றைக்கே ஆள் வரும். காலி வீதி நெரிசலில் எந்தச் சில்லு இழுத்தால் என்ன.

ஹட்டனுக்குப் போகும் மலைவழியில் கினிகத்தேனை ஏற்றத்தில் கதை வேறு. ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் முன்சில்லுக்குப் பிடிப்பு இன்னும் குறையும். ஈர ரோட்டில் நிறுத்தி எடுக்கும்போது அலியனின் முன்சில்லு 'சர்ர்' என்று சுற்றும், சி180 அமைதியாகக் கிளம்பும். அந்த மலையில் நாள் முழுக்க ஏறுகிற பஸ், லொறி, ஹையேஸ் வான் எல்லாம் பின்சில்லு இழுவைதானே.

இறக்கத்தில் அலியனுக்குத்தான் புள்ளி. அது வழுக்கினால் மூக்கு நேராகப் போகும், அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின்சில்லு காரில் வளைவுக்குள் சடாரென்று கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடிப்பு முழுக்கப் பின்சில்லில் விழும், வால் வீசும். கியரை வளைவுக்கு முன்னமே குறைத்துவிட வேண்டும். கார் வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இ.எஸ்.பி. உதவும்தான், ஆனால் மொட்டை டயரில் அதுவும் என்ன செய்யும்?

எனக்கு முடிவைத் தந்தது டயர்தான். அலியனில் முதலில் தேய்வது முன் டயர். பின்னது நல்லாக இருக்கும், அதனால் வாலும் அடங்கி நிற்கும். சி180இல் தேய்வதும் பின்னுக்கு, வழுக்கினால் ஆபத்தும் பின்னுக்கு. ஆகவே பின் டயரை, பூவின் (தரையைப் பிடிக்கும் வெட்டுகளின்) ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்ததைக் காட்டும் அடையாளக் கட்டை தெரியும்வரை ஓட்டுவது மழைக்காலத்தில் விளையாட்டல்ல. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுகிறேன். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் இறுகின ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள். அலியனுக்கும் அதே விதிதான், ஆனால் டயர்க் கடைத் தம்பி "இழுக்கிறது முன்னுக்குத்தானே அண்ணே" என்று முன்னுக்கே உருட்டிக்கொண்டு போவான். விடாதீர்கள்.

மொன்றியலில் இருக்கிற மச்சானும் பின்சில்லு கார்தான் வைத்திருக்கிறார். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் இறுகாத ரப்பர் அது. பனியில் நான் ஓட்டியதில்லை, அதனால் அவர் சொன்னதையே சொல்கிறேன்: நாலு சில்லுக்கும் அந்த டயர் போட்டால் பின்சில்லு காரும் ஓடும், போடாவிட்டால் வீட்டு வாசல் ஏற்றத்திலேயே நிற்கும்.

டயருக்குக் காசு எடுத்துவைக்கத் தயாரென்றால் சி180. "இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்" என்று தள்ளிப்போடுகிற ஆளென்றால் யோசிக்காமல் அலியனை எடுங்கள்.