ஆடியில் ஏற்றிய லினக்ஸ் மின்ட்: ஓர் அழைப்பிதழ்க் கடையிலிருந்து

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அறுபதாம் கல்யாண அழைப்பு, படைப்பு (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பது) அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் மேட்டர் கம்போஸ் செய்து, புரூஃப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கார்டு சிவகாசியிலிருந்து வரும். கடையில் இரண்டு கணினி. அதில் ஒன்றில் 2024 ஆடிக் கடைசியில் லினக்ஸ் மின்ட் 22 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஏதாவது கோளாறு வந்தாலும் சரிசெய்ய நாள் கிடைக்கும் என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது 2025 கார்த்திகை. இரண்டு ஆவணி, ஒரு தை, ஒரு வைகாசி இந்தக் கணினியில்தான் ஓடியிருக்கின்றன.

மாற்றியதற்குக் காரணம் வேகம் இல்லை, காசும் இல்லை. கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி படைப்பு அழைப்பு அடிக்க வந்தார். பங்காளிகள் பட்டியலைப் பழைய நீள நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார். நூற்று முப்பது புள்ளிக்கு மேல் (கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி). ஒவ்வொரு புள்ளிக்கும் விலாசம், ஊர், கோலாலம்பூரில் இருக்கும் மகனின் போன் நம்பர், எந்த வீட்டிலிருந்து யார் சுவீகாரம் போனார் என்பதுவரை அதில் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து அடித்தேன். புரூஃப் வாங்க வந்த அன்று ஆச்சி கேட்டார்: "ஏன் ஆத்தா, இந்த லிஸ்ட்டு உன்கிட்டதானே இருக்கும்? வேற எங்கயும் போகாதுல்ல?"

போகாது ஆச்சி என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே என் செல்போனுக்கு ஓர் அறிவிப்பு: உங்கள் இடம் நிறைந்துவிட்டது, மேலும் இடம் வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்று. திறந்து பார்த்தால் கடைக் கணினியின் டெஸ்க்டாப் முழுவதும் அங்கே இருக்கிறது. ஜாதகங்கள், மாப்பிள்ளை போட்டோக்கள், ஆச்சியின் பட்டியல். கணினியோடு வந்த ஒரு சேமிப்பகச் செயலி அது. எப்போதோ ஓர் அப்டேட்டுக்குப் பிறகு தானாக வேலையைத் தொடங்கியிருக்கிறது. நான் எதற்கும் சரி என்று சொன்னதாக நினைவில்லை. அதை நிறுத்தியபோது இன்னொரு அதிர்ச்சி. கோப்புகள் கணினியில் இல்லை, அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்க இரண்டு இரவு ஆனது. ஆச்சிக்கு நான் சொன்ன வார்த்தை பொய்யாகிப்போனதை நினைத்து அந்த இரண்டு இரவும் மனசு ஆறவில்லை.

அதன் பிறகுதான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதை ஒரு பொருளாக, நான் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை கணினி வாங்கினால் உள்ளே இருப்பது என்றுதான் வைத்திருந்தேன். லினக்ஸ் எனக்கு முழுக்கப் புதிதில்லை. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் என் மகளுக்குக் கிடைத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. அவள் அதைத் திறந்ததே இல்லை. நானும்தான்.

கடைக்கு புராஜெக்ட் பிரின்ட் எடுக்க வரும் அழகப்பா பல்கலைக்கழகத் தம்பி ஒருவர்தான் வழி சொன்னார். "அக்கா, முதல்ல பென்டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா கழட்டிருங்க, உங்க ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தொடாது." சொன்னபடியே மூன்று நாள் பென்டிரைவில் ஓட்டினேன். என் பிரின்டர், என் ஸ்கேனர், வைஃபை, தமிழ் இவற்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்த பிறகுதான் ஏற்றினேன். லினக்ஸ் போட நினைப்பவர்கள் இந்த மூன்று நாளை விட்டுவிடாதீர்கள்.

தம்பி இன்னொன்றிலும் கண்டிப்பாக இருந்தார். தன்னிடம் இருந்த பென்டிரைவை அப்படியே கொடுக்கவில்லை. மின்ட் தளத்திலிருந்து புதிதாக இறக்கச் சொல்லி, கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடச் சொன்னார். காரணம் கேட்டேன். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்க இணைப்பைத் திருப்பிவிட்டு, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்த பதிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மின்ட்காரர்கள் மறுநாளே அதைத் தாங்களாகவே வெளியில் சொல்லி, எந்தப் பதிப்பு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதினார்கள். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. நம்பிக்கையான இடம் என்றாலும் சரிபார்க்கும் வழி என் கையில் இருக்கிறது. ஷா-256 என்ற அந்தச் சரிபார்ப்பு எண் அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசை. தளத்தில் இருப்பதும் என் கணினி கணக்கிட்டுச் சொல்வதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை எப்படிச் சரிபார்ப்பேனோ அப்படி விரல் வைத்துப் பார்த்தேன்.

என் கணினி பழசு. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3. ராமை 8 ஜிபி ஆக்கி, ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. மின்ட்டுக்குப் பணம் எதுவும் கிடையாது. சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்பில் (திரைத் தோற்றத்தில்) வருகிறது. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ இலகு, அதைத்தான் எடுத்தேன். ஏற்றும்போது என்னைப் பற்றிக் கேட்டது ஒரு பெயரும் கடவுச்சொல்லும் மட்டும். அந்தப் பெயர் இந்தக் கணினிக்குள் மட்டும் இருப்பது. மின்னஞ்சல் கேட்கவில்லை, எந்தக் கணக்கிலும் நுழையச் சொல்லவில்லை. இணைய வயரைக் கழற்றி வைத்துவிட்டே முழுவதையும் முடித்தேன்.

வட்டை மறையாக்கம் செய்யும் வசதியையும் அப்போதே தேர்ந்தெடுத்தேன். கணினியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருக்கும் ஜாதகத்தைப் படிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல் மறந்தால் எனக்கும் கிடைக்காது. மீட்டுத் தர எந்தக் கம்பெனியும் இல்லை. தாளில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில், நகைச் சீட்டுகளோடு வைத்திருக்கிறேன். ஆச்சி வீட்டுச் சாவிக்கொத்தை நான் பார்த்திருக்கிறேன், முழம் நீளம் இருக்கும். முகப்புக் கதவுக்கு ஒன்று, வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒவ்வொரு புள்ளியின் அறைக்கும் ஒன்று. இடுப்பை விட்டு அது இறங்காது. சாவி நம்மிடம் இருந்தால் அதைத் தொலைக்காமல் பார்க்கும் பொறுப்பும் நம்முடையதுதான் என்று அவரைப் பார்த்தால் தெரியும்.

இனி தினசரி. எனக்கு மிகவும் பிடித்தது அப்டேட் நடக்கும் முறை. கீழே பட்டையில் ஒரு சின்னக் கேடயம் இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். திறந்தால் என்னென்ன, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, என்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் வரும். வேண்டியதில் டிக் வைக்கலாம், வேண்டாததை விடலாம், ஒன்றை இனிமேல் கேட்காதே என்றும் சொல்லலாம். நானாக அமுக்கினால்தான் ஏறும். தானாக ஏற வேண்டும் என்றால் அதையும் நான்தான் இயக்க வேண்டும். பதினாறு மாதத்தில் ஒரு முறைகூட அது தானாக மறுதொடக்கம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்துவதற்கு முன் அப்டேட் போடுவேன். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. நம் இஷ்டம் என்பதற்காக மாதக்கணக்கில் போடாமல் விட்டால் ஆபத்து நமக்குத்தான்.

அதோடு டைம்ஷிஃப்ட். நாம் அமைத்துக் கொடுத்தால் கணினியின் நிலையை நாள் வாரியாகப் படம் பிடித்து வைக்கும். என் பழைய லேசர் பிரின்டருக்கு அதைச் செய்த கம்பெனியின் டிரைவரைப் போட்டபோது பிரின்ட் வரிசையே முடங்கிவிட்டது. டைம்ஷிஃப்ட்டில் முந்தைய நாளைத் தேர்ந்தெடுத்தேன்; டீ குடித்து வருவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள்: அது சிஸ்டம் கோப்புகளைத்தான் காக்கும், நாம் அடித்த மேட்டரை இயல்பாகச் சேர்க்காது. அதற்கு நான் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகல் எடுக்கிறேன்.

மின்ட்டின் குணத்தைக் காட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். மின்ட் என்பது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது. உபுண்டு டெபியனின் மேல் கட்டியது. உபுண்டுவில் ஸ்நாப் என்று மென்பொருள் நிறுவும் ஒரு முறை உண்டு. குரோமியம் உலாவியை வழக்கமான வழியில் கேட்டாலும், கேட்காமலே ஸ்நாப்பும் கூட வந்து இறங்கும்படி அங்கே மாற்றினார்கள். 2020இல் வந்த மின்ட் 20இல் இதை அடைத்துவிட்டார்கள். அடைத்தவிதம்தான் எனக்குப் பிடித்தது: ஒரு சின்னக் கோப்பு, அதில் காரணமும் எழுதியிருக்கிறது. ஸ்நாப் வேண்டுமென்றால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு நிறுவிக்கொள்ளலாம். உபுண்டுவே ஒரு நாள் இல்லாமல் போனாலும் மின்ட் தொடர வேண்டும் என்று, நேரடியாக டெபியன் மேல் கட்டிய இன்னொரு பதிப்பையும் அவர்கள் தனியே நடத்துகிறார்கள். அடுத்த தலைமுறைக்கும் யோசிக்கும் ஆட்கள் என்று தோன்றியது.

தமிழுக்கு வருகிறேன். என் போன்றவர்களுக்கு உயிர்நாடி அதுதான். நான் தட்டச்சு ஹையர் பாஸ். மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99, ஃபோனெடிக், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை மூன்றும் கிடைக்கின்றன. என் விரல் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து, ஆவணம் அடிக்கும் லிபர் ஆஃபீஸிலும் படம் வரையும் இங்க்ஸ்கேப்பிலும் சுத்தமாக வருகிறது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6 போட்டிருக்கிறேன், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

சிக்கல் பழைய மேட்டரில். பாமினி போன்ற ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் அது தமிழே இல்லை. பதினைந்து வருட வேலை எனக்கு அப்படித்தான் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நாங்கள்தான் மாறவில்லை. எந்த ஓஎஸ் போட்டாலும் நம் எழுத்து ஒரு ஃபான்ட்டுக்குள் பூட்டிக் கிடந்தால் அது நம்முடையதாகாது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு ஒவ்வொரு குடும்பமாக மாற்றி வருகிறேன். முன்பு பக்கம் வடிவமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை லிபர் ஆஃபீஸ் டிரா திறக்கும். ஆனால் லேஅவுட் அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்காகத்தான் இரண்டாவது கணினி பழைய ஓஎஸ்ஸிலேயே, இணையம் இல்லாமல் ஓடுகிறது.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப், கோரல்டிரா இல்லாமல் முடியாது என்பவர்கள் இருக்கும் கணினியை உடனே மாற்ற வேண்டாம்; இவை லினக்ஸுக்கு வருவதில்லை. நான் வரவு செலவை லிபர் ஆஃபீஸ் கால்க்கில் வைத்து ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். வருடக் கடைசியில் ஐந்தொகையை அவர் தன் டேலியில் எடுத்துக்கொள்கிறார். பழைய லேசர் பிரின்டர் வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். என்னுடையது கடைசிவரை ஒத்துவராமல் இரண்டாவது கணினிக்குப் போய்விட்டது. புதிய வைஃபை பிரின்டர் டிரைவர் எதுவும் கேட்காமலே வேலை செய்தது.

வீட்டில் பத்து வருடக் கணினி சும்மா கிடக்கிறதா? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் உலாவி திணறாது. முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து, முதலில் நகல் எடுத்துவிட்டு உட்காருங்கள்.

சென்ற மாதம் ஆச்சி மறுபடி வந்தார். நோட்டில் நான்கு புள்ளி கூடியிருக்கிறது, இரண்டு பேர் தவறிவிட்டார்கள். பட்டியலைத் திறந்து அவர் பக்கம் திரையைத் திருப்பினேன். ஒரு வருடத்துக்கு முன் நடந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சரி ஆத்தா, இப்ப எங்க இருக்கு?" என்றார். இந்தப் பெட்டியிலும் வெள்ளிக்கிழமை ஹார்ட் டிஸ்க்கிலும் மட்டும் ஆச்சி, வேறெங்கும் இல்லை என்றேன். ஒரு நகல் தன் பேரனுக்கும் வேண்டும் என்றார். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். யூனிகோடில் இருப்பதால் சிங்கப்பூரிலும் அப்படியே தெரியும்.

மின்ட் 22 வரிசைக்கு 2029வரை அப்டேட் உண்டு. 2025 செப்டம்பரில் வந்த 22.2க்கு அந்தக் கேடயத்தின் வழியாகவே மாறிவிட்டேன். பாமினி மேட்டரில் இன்னும் நாற்பது குடும்பம் பாக்கி. அதை முடித்துவிட்டு, மார்கழியில் இரண்டாவது கணினியில் கை வைக்கலாம் என்றிருக்கிறேன்.