இன்வெர்ட்டர் பேட்டரி: பல வருடம் வைத்துப் பார்த்ததில்
இன்வெர்ட்டர் வாங்கப் போகும் எல்லோரும் பெட்டியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பல வருடமாக வீட்டில் டியூபுலர் பேட்டரி (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட, தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் வகை) வைத்திருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன், அதைவிட அதிகமாக விசாரிக்க வேண்டியது பேட்டரியைப் பற்றி.

பெட்டியைப் பொறுத்தவரை வீட்டுக்கு வரும் கரன்ட் போலவே சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையை வாங்குங்கள், போதும். ஸ்கொயர் வேவில் மின்விசிறி உறுமிக்கொண்டே சுற்றும், தூக்கம் போகும்.

இப்போது பேட்டரி. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) என்றால் கணக்குப்படி 1800 வாட் அவர். மூன்று மின்விசிறி, சில எல்இடி விளக்கு, வைஃபை எல்லாம் சேர்ந்து 300 வாட் வந்தால் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. அந்த 150 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்துக்கு மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் குறையும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். நான்கு மணி நேரத்தை நம்பி லோடு போடுங்கள். ஏசியை இதில் மாட்ட நினைக்கவே வேண்டாம்.

பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். அதனால் வெயில் படாத, காற்றோட்டமான இடம் கட்டாயம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். மூடிய அலமாரிக்குள் வைப்பது ஆபத்து, பக்கத்தில் நெருப்பும் கூடாது.

அப்புறம் தண்ணீர். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது, ஆவியாவது தண்ணீர் மட்டுமே. முழுதாக சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஆனால் தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால், தகடு மூழ்கும் வரை மட்டும் முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டரின் மெயின்ஸை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அணைப்பதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் பல நாள் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது.

லித்தியம் வாங்கலாமா? தினமும் மணிக்கணக்கில் கரன்ட் போகும் வீட்டுக்கு வாங்கலாம். தண்ணீர் வேலை இல்லை, சீக்கிரம் சார்ஜ் ஏறும், ஆழமாகக் காலி செய்தாலும் தாங்கும். பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் சார்ஜிங் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது கரன்ட் போகும் வீட்டுக்கு டியூபுலரே தாராளம்.

சில மாதங்களுக்கு ஒருமுறை மெயின்ஸை அணைத்து, வழக்கமான லோடில் எவ்வளவு நேரம் வருகிறது என்று பாருங்கள். புதிதில் வந்ததில் பாதிதான் வருகிறது என்றால், ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஆறு செல்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்து நின்றால், பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.