மீஞ்சூரா, திருநின்றவூரா: எங்களுக்கு வழி சொன்னது தண்டவாளம்

போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். எனக்கு வேலை சென்னை பார்க் டவுனில். சென்ட்ரலில் இறங்கினால் பத்து நிமிட நடை. எங்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு நகரத்துக்குள் எதுவும் அமையவில்லை. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின: வடக்கே மீஞ்சூர், மேற்கே திருநின்றவூர். நாங்கள் திருநின்றவூரில் குடியேறினோம். இப்போது அலுவலகத்தில் இரண்டு பேர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பார்த்ததும் தெரிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு ஊரும் சென்ட்ரலிலிருந்து 30 கி.மீ.க்குள். சீசன் டிக்கெட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் பார்த்த வீடுகளில் மீஞ்சூர் வாடகை கொஞ்சம் குறைவு. தண்ணீர் என்று வந்தால், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிய கதை ஊருக்கே தெரியும். அதற்காகத் திருநின்றவூரைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஏரியை ஒட்டிய தெருக்களில் மழைக்காலத்தில் வெள்ளம் வரும், தெரு பார்த்து வீடு பிடிக்க வேண்டும். பள்ளி, கடை, மருத்துவமனையில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். இரண்டு தடத்திலும் 1979-இல் மின்சார ரயில் வந்துவிட்டது. இரண்டிலும் சரக்கு ரயில் ஓடுகிறது. சொல்லப்போனால் ஒரே சரக்கு ரயில்தான் இரண்டிலும் ஓடுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ரயிலில் போகிறது. அந்த ரயில் அத்திப்பட்டிலிருந்து கிளம்பி, கொருக்குப்பேட்டை வந்து, பெரம்பூர் பக்கம் திரும்பி, ஆவடி, திருநின்றவூர் வழியாக அரக்கோணத்தை நோக்கிப் போகும்.

வித்தியாசம் பாதையின் எண்ணிக்கையில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை நான்கு பாதைகள். போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு ஜோடியில் மின்சார ரயில் ஓடும். எக்ஸ்பிரஸும் கூட்ஸும் இன்னொரு ஜோடியில். வடக்கே அத்திப்பட்டு வரைக்கும் கூடுதல் பாதைகள் வந்துவிட்டன. அத்திப்பட்டைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி வரை இருப்பது இரண்டே பாதைகள்தான். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் அந்த இரட்டைப் பாதைக்குள் வருகின்றன. ஹவுரா, டெல்லி, விஜயவாடா எக்ஸ்பிரஸ்கள், வடக்கேயிருந்து வரும் கூட்ஸ், நம் மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே வழி.

முடிவெடுக்கும் முன் இரண்டு மாதம் மீஞ்சூரில் மச்சினி வீட்டில் தங்கி அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாள் காலை பிளாட்பாரத்தில் நிற்கிறேன். எங்கள் வண்டி வர வேண்டிய நேரம். தூரத்தில் எஞ்சின் விளக்கு தெரிந்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தோம். பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா மட்டும் கூடையைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. "அது கூட்ஸுப்பா. போவட்டும். நம்ம வண்டி அது பின்னாலதான் வரும்," என்றார். விளக்கை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் கடந்தது. அப்புறம் பெட்டி, பெட்டி, பெட்டி. பிளாட்பாரம் அதிர்ந்தது. ஒவ்வொரு பெட்டியும் தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது எழுந்த டக்-டக் சத்தத்தில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் கார்டு பெட்டி போனது. பூக்கார அம்மா பூ மேல் போட்டிருந்த ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டார். மல்லிகை வாடினால் அவருக்கு அன்றைய வியாபாரம் போச்சு.

நான் முடிவெடுத்த காரணம் இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, பாதையின் கணக்கு அப்படி. ஒரு நிலக்கரி ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த பெட்டித் தொடரில், 58 பெட்டிகள் வரை இருக்கும். நீளம் ஏறக்குறைய 650 மீட்டர், சரக்கு மட்டுமே சுமார் 4,000 டன். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலை இரண்டு தடவை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. இதை முந்த வேண்டுமென்றால் முதலில் அதை லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து திரும்பச் சேரும் பக்கப் பாதையில், ஒதுக்க வேண்டும். லூப்பில் நுழையும்போது வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைக்க வேண்டும். அந்த வேகத்தில் 650 மீட்டர் ரயில் மெயின் லைனை விட்டு முழுவதும் விலகவே ஒன்றேகால் நிமிடம் ஆகும். வேகம் குறைக்க ஆகும் நேரம், தடம் மாற்றும் பாயிண்ட் திரும்பும் நேரம் தனி. திரும்பக் கிளம்பும்போது 4,000 டன்னை இழுத்து வேகம் பிடிக்க எஞ்சின் படும் பாட்டை நேரில் பார்த்தால்தான் புரியும். லூப்பில் ஏற்கெனவே வேறு ரேக் நின்றால் ஒதுக்க இடமே இருக்காது. பின்னால் வருகிற மின்சார ரயில் அவுட்டரில், ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில், நிற்க வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "சார், எல்லா வண்டியும் ஒரே வேகத்துல போனா எத்தனை வண்டி வேணாலும் விடலாம். வேகம் வேற வேறயா இருக்கிறதுதான் பாதையைத் தின்னுது," என்றார். அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. மின்சார ரயில் இரண்டு மூன்று கி.மீ.க்கு ஒரு முறை நின்று நின்று போகிறது. கூட்ஸ் நிற்காமல் மெதுவாகப் போகிறது. எக்ஸ்பிரஸ் நிற்காமல் வேகமாகப் போகிறது. 2022-இல் சென்னை–கூடூர் தடத்தில் உச்ச வேகத்தை 130 கி.மீ. ஆக்கினார்கள். எக்ஸ்பிரஸ் பயணிக்கு நல்ல செய்திதான். ஆனால் அதே பாதையில் ஊர்ந்து போகிற வண்டிகளுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி இன்னும் விரிந்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மீஞ்சூர் சென்ட்ரலிலிருந்து 12-ஆவது நிறுத்தம். திருநின்றவூர் 16-ஆவது. கால அட்டவணையில் இரண்டுக்கும் ஏறக்குறைய 50 நிமிடம். நிறுத்தம் அதிகமாக இருந்தும் மேற்கு வண்டியை நம்பி நான் அலுவலகத்தில் ஒன்பதரை மணி வேலையை ஒப்புக்கொள்ள முடிகிறது. மீஞ்சூரில் இருந்த இரண்டு மாதமும் பத்து நாளில் ஏழு நாள் சரியாகத்தான் வந்தது. மீதி மூன்று நாள் எதுவென்று முன்கூட்டியே தெரியாததால் பத்து நாளும் முந்தைய வண்டியைப் பிடித்தேன். வீட்டை விட்டு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். ஒரு நாளில் அரை மணி என்றால் மாதத்தில் எத்தனை மணி, பாருங்கள். வாடகையில் மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகாது என்பது எங்கள் முடிவு.

பாதுகாப்பு பற்றியும் கேட்கிறார்கள். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில், மெயின் லைனில் போக வேண்டிய மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பலருக்குக் காயம், நல்லவேளை, உயிர் போகவில்லை. கேட்டதும் வயிறு கலங்கியது உண்மை. ஆனாலும் ஊரைத் தேர்ந்தெடுக்க அதைக் காரணமாக நான் சொல்லமாட்டேன். தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தடத்தில் பத்திரமாகப் போய் வருகிறார்கள். எல்லா வகை வண்டியும் ஒரே பாதையில், லூப்பில் புகுந்து புறப்பட்டுத்தான் நகர வேண்டும் என்றால் அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எவ்வளவு சுமை என்பதை மட்டும் அது எனக்குக் காட்டியது.

வடக்குக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டியது உண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. கூட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் வீடு கிடைத்தால் நான் எழுதிய பாதிக் குறை அடிபட்டுப் போகும். அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதை பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு இருக்கிறது. அது போட்டு முடிந்த அன்று என் ஒப்பீடு தலைகீழாகிவிடும், நானே முதலில் மீஞ்சூரைச் சிபாரிசு செய்வேன். மும்பையில் தாணே–திவா இடையே ஐந்தாவது, ஆறாவது பாதை 2022-இல் திறந்தபோது அங்கே லோக்கல் ரயிலுக்குக் கிடைத்ததும் இந்த விடுதலைதான்.

மேற்கிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. வேகப் பாதையில் ஏதாவது கோளாறு வந்தால் எக்ஸ்பிரஸைப் புறநகர்ப் பாதையில் திருப்பிவிடுவார்கள், அன்றைக்கு நாமும் நிற்க வேண்டியதுதான். கூட்டம் மீஞ்சூர் வண்டியைவிட அதிகம். ஆவடியில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். திருவள்ளூரைத் தாண்டி நான் தினசரி போய் வந்ததில்லை, அரக்கோணம் பக்கம் வீடு பார்ப்பவர்கள் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக் கடைசி வண்டியிலும் எனக்கு அனுபவம் குறைவு.

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளியில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், மீஞ்சூர்தான். நேரம் பார்க்காத வேலை என்றாலும் அங்கே வாடகை மிச்சம். சென்ட்ரல் பக்கம் மணி அடித்தால் உட்கார வேண்டிய வேலை என்றால் திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று வேலைநாள் காலை எட்டு மணிக்கு அந்த ஸ்டேஷனில் போய் நில்லுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கையில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ஆவடியைத் தாண்டும்போது பக்கத்துப் பாதையில் நிலக்கரி ரேக் ஒன்று அரக்கோணம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான். முப்பத்திரண்டு வரை எண்ணியிருந்தான், அதற்குள் எங்கள் வண்டி எஞ்சினையும் தாண்டி முன்னால் வந்துவிட்டது.