விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: ஜெர்மனியில் பழைய லேப்டாப்புக்கு எதைப் போடுவது?

2017-இல் சென்னையில் வாங்கிய லேப்டாப்பைத்தான் ஜெர்மனிக்கு எடுத்து வந்தேன். ஏழாம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ரேம். நடுவில் எஸ்எஸ்டி மாற்றியதால் இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதே வயதுள்ள ஒரு லேப்டாப் கிடக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்தபோது இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்கோ, பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கோ காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலம் ஓஎஸ் (இயங்குதளம்) போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கூலி அதிகம். என்ன கோளாறு என்று ஜெர்மனில் விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது. அதனால் எந்தச் சிஸ்டத்தையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன்: ஒரு ராத்திரி இது எழுந்திருக்காவிட்டால், யார் உதவியும் இல்லாமல் நானே மீட்டுவிட முடியுமா?

முதல் வழி, இருக்கிற விண்டோஸ் 10-லேயே இருந்துவிடுவது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பணம் கொடுக்காமலே கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். பதிவு செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டு வங்கி வேலை பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. இது தீர்வு இல்லை, தவணைதான். இருந்தாலும் வந்து இறங்கிய புதிதில் வீடு, வேலை, குழந்தையின் பள்ளி என்று அலைபவருக்கு இந்தத் தவணை பெரிய உதவி.

இரண்டாவது, விண்டோஸ் 11 ஓடும் கணினிக்கு மாறுவது. பழைய கணினியிலேயே சரிபார்ப்பைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகள் உண்டு. அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்பைப் புதுப்பித்து விற்கும் கடைகள் இங்கே நிறைய. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்கலாம். கடையில் வாங்கினால் பழைய பொருளுக்கும் குறைந்தது ஓராண்டு சட்டப்படியான பொறுப்பு விற்பவருக்கு உண்டு. தெரிந்தவர் கையிலிருந்து வாங்கும்போது அவர் அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ள முடியும்.

"இங்கே வாங்கினால் எல்லாம் ஜெர்மனில் வருமே" என்று பலர் தயங்குகிறார்கள். சாதாரண ஹோம் பதிப்பில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்ற முடியாதது நம் ஊரில் லேப்டாப்போடு பெரும்பாலும் வரும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பில்தான். என்னுடையது அந்த ரகம். ஜெர்மன் பழகட்டும் என்று திரையை ஜெர்மனுக்கு மாற்றப் பார்த்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது.

விண்டோஸ் 11-இல் நான் நிஜமாகவே கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. இப்போதைய பதிப்புகளைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் வட்டு தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. திருட்டுக்கு அது நல்ல காவல். ஆனால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஒன்றுக்குப் பிறகு 48 இலக்கச் சாவியைக் கேட்டு அது நின்றுவிடலாம். அந்தச் சாவி உங்கள் கணக்குக்குள் இருக்கும். கணக்கைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி போகும் எண் ஊரில் வாங்கிய பழைய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த எண்ணே போயிருந்தால்? வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் கணக்கின் எண்ணை மாற்றிவிட்டு, அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துவிட வேண்டும். இதைச் செய்தவருக்கு விண்டோஸ் 11-ஐத் தாராளமாகச் சொல்வேன். செய்யாதவருக்கு அது ஊரில் இருப்பதைவிட இங்கே அதிக ஆபத்து.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். அதன் வகைகளில் நான் போட்டது மின்ட். இன்னொரு வகையான உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் விண்டோஸில் பழகிய கண்ணுக்கு மின்ட்டின் திரை அந்நியமாகத் தெரியாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இறக்க வேண்டிய கோப்பு சுமார் 3 ஜிபி. வீட்டு இணைப்பு வருவதற்குள் மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுபவர்களுக்கு இதுவும் ஒரு கணக்குத்தான்.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதிக்கொண்டால் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டைத் தொடாமல். அப்படி ஓட்டும்போதே வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதித்துவிடுங்கள். நான் சோதிக்காமல் நேராக நிறுவினேன். என் லேப்டாப்பின் வைஃபை சிப்பை அது கண்டுகொள்ளவில்லை. சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கடைசியில் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன்னால் ஒரு மாலைப்பொழுது வீணானது.

இந்தக் கணினியில் மின்ட் என்னைக் கட்டிப்போட்டது ‘டைம்ஷிஃப்ட்’ என்ற கருவியால். சிஸ்டம் இருக்கும் நிலையை அவ்வப்போது படம்பிடித்துவைக்கும். ஓர் அப்டேட் கெடுத்துவிட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம். திரையே வராவிட்டாலும் அதே பென்டிரைவில் எழுப்பி அங்கிருந்து மீட்டுவிடலாம். இதுவரை இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டும் அரை மணிக்குள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தனியாக வெளி வட்டில் எடுத்துவைக்க வேண்டும்.

ஜெர்மன் அரசு வேலைகளுக்கு லினக்ஸ் தடை இல்லை. வருமான வரிக்கான எல்ஸ்டர் என்ற அரசுத் தளம் பிரவுசரிலேயே ஓடுகிறது. அதில் நுழையும் சான்றிதழ்க் கோப்பைத் தொலைத்தால் மறுபடி பதிவு செய்து, தபாலில் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்தச் சிஸ்டம் போட்டாலும், பழையதை அழிக்கும் முன் அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். வசிப்பிட அட்டையை வைத்து அடையாளம் காட்டும் ஆஸ்வைஸ்ஆப் என்ற செயலி உபுண்டு, மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலும் கிடைக்கிறது. இடிப்பது இந்தியப் பக்கம்தான். இந்திய வருமான வரித் துறையின் எக்செல் படிவம், லினக்ஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரெஆஃபிஸில் ஒழுங்காக ஓடாது. இணையத்திலேயே நேரடியாக நிரப்பும் வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அலுவலக வேலைக்கு மைக்ரோசாஃப்ட் எக்செல் மேக்ரோ தினமும் தேவை என்பவர் மின்ட் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

தமிழ் தட்டுவதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. ஜெர்மன் கீபோர்டில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஆங்கில எழுத்தைத் தட்டினால் அதே ஒலியுள்ள தமிழ் எழுத்து வரும் விண்டோஸின் அஞ்சல் விசைப்பலகை, அமெரிக்க இடங்களையே பின்பற்றுவதால், இசட் என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் ழ வராது, ய வரும். வாழை ‘வாயை’ ஆகிவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி விசை உள்ள தமிழ்99 பழகியவர்களுக்கு விரல்தான் கணக்கு, அச்சு இல்லை. உம்லாட் (மேலே இரட்டைப் புள்ளி) போட்ட O இருக்கும் இடத்தில் ந, உம்லாட் போட்ட A இருக்கும் இடத்தில் ய. அவ்வளவுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தமிழ்99 கிடைக்கிறது. லினக்ஸில் மட்டும் அமைப்புகளில் நாமே போய்ச் சேர்க்க வேண்டும். வெளிநாடு போகப்போகிறவர்கள் கிளம்பும் முன்பே தமிழ்99 பழகிவிடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

மேக் பற்றிச் சுருக்கமாக. கையில் பணம் இருந்து, நோண்டும் விருப்பம் இல்லாவிட்டால் அதுவே நிம்மதி. தமிழ் எழுத்தும் விசைப்பலகையும் தயாராக உள்ளே இருக்கின்றன. அதிலுள்ள இணைமதி எழுத்துரு மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இன்டெல் மேக்கை மட்டும் வாங்காதீர்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்குக் கடைசி. பழைய கணினிகளில் போடக்கூடிய கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்குச் சரி, எனக்குப் போதவில்லை.

அப்புறம், ஊரில் அப்பாவின் கணினி. மின்ட் எனக்கு இவ்வளவு பிடித்திருந்தும் அவருக்கு அதைப் போடவில்லை. என் லேப்டாப்பைக் கேட்ட அதே கேள்விக்கு அங்கே வேறு பதில்: கெட்டுப்போனால் மீட்கப்போவது நான் இல்லை, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளைஞர். அவருக்குக் கைவந்தது விண்டோஸ். அதனால் போன விடுமுறையில் விண்டோஸ் 11 ஓடும் சிறிய கணினி ஒன்றை வாங்கி வைத்தேன். அப்பாவுக்குத் தனிக் கணக்கு, புதிதாக எதையும் நிறுவ அதில் அனுமதி கிடையாது. அட்மின் கடவுச்சொல் அம்மாவின் நோட்டில் இருக்கிறது. தூரத்திலிருந்தே இன்னொரு கணினியை இயக்க விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட் என் மின்ட்டிலிருந்து ஓடாது என்பதால், அதே வேலையைச் செய்யும் ரஸ்ட்டெஸ்க்கை இரண்டு பக்கமும் போட்டேன். ஞாயிறு காலை இங்கே ஒன்பது மணிக்கு அழைப்பேன். குளிர்காலத்தில் அங்கே மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. அப்டேட்டை ஓடவிட்டு, அது முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்போம்.