ஒரு போராட்டப் பெயரின் தடம் தேட: கூகுள் என்கிராம் வியூவர் மதிப்புரை

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் ஸுக்கோட்டி பூங்காவில் தொடங்கிய ‘ஆக்குபை வால் ஸ்ட்ரீட்’ (‘வால் தெருவைக் கைப்பற்று’) போராட்டத்தின் பெயரிலிருந்து தெரு கழன்று விழ, ‘ஆக்குபை’ மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. அடுத்த மாதமே லண்டனில் தூய பவுல் பேராலயத்தின் முன் கூடாரமிட்டவர்கள் அதைச் சூடிக்கொண்டார்கள். 2012இல் சாண்டி புயல் நிவாரணப் பணிக்கும், 2014இல் ஹாங்காங் மறியலுக்கும் அதுவே முன்னொட்டாயிற்று. இப்படி ஒரு பெயர் பொதுமொழியில் கலந்த விதத்தை அறிய விரும்புவோருக்கு, அச்சு நூல்களில் ஒரு சொல்லின் புழக்கத்தை ஆண்டுவாரியாக வரைந்து காட்டும் கூகுள் என்கிராம் வியூவர் மிகவும் பயனுள்ள இலவசச் சேவை.

ஆனால், திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ‘ஸ்மூத்திங்’ என்ற அமைப்பை மூன்றிலிருந்து சுழியத்துக்குக் குறைப்பதுதான். மூன்றிலேயே விட்டால், ஒவ்வோர் ஆண்டின் மதிப்பும் முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரியாக்கப்படுவதால், போராட்டமே இல்லாத 2008இலிருந்து கோடு ஏறத் தொடங்கிவிடும். காலவரிசையே உயிரான ஓர் ஆய்வில் இது சிறிய பிசகு அன்று.

ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது இதன் தனிச்சிறப்பு. 1880இல் அயர்லாந்துக் குத்தகை விவசாயிகள் ஒதுக்கிவைத்த பண்ணை முகவர் கேப்டன் பாய்காட்டின் பெயர் ‘புறக்கணி’ என்னும் பொருளில் வினைச்சொல்லாக மாறியதைச் சிறிய எழுத்தில் தேடினால் தெளிவாகக் காணலாம். பெரிய எழுத்தில் தேடினால், கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட்டும் கணக்கில் வந்துவிடுவார். ‘ஆக்குபை’க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: வாக்கியத்தின் முதலில் வரும் சாதாரண வினைச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும் என்பதால், வரைகோட்டை மட்டும் நம்பாமல், வரைபடத்தின் கீழுள்ள ஆண்டு இணைப்புகள் வழியே நூல்களுக்குள் சென்று வரிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். நாற்பது நூல்களிலேனும் இடம்பெறாத தொடர்கள் காட்டப்படுவதில்லை. எனவே பதாகைகளிலும் துண்டறிக்கைகளிலும் மட்டும் வாழ்ந்த பெயர்களுக்கு இது உதவாது.

எனக்குள்ள பெரிய ஏக்கம் தமிழைப் பற்றியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஹீப்ரு, சீனம் எல்லாம் இருக்கும் இக்கருவியின் மொழிப் பட்டியலில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. 2017 ஜனவரிக்குப் பின் ‘மெரினா’ என்ற கடற்கரைப் பெயர் ஒரு போராட்டத்தையே குறிக்கும் சொல்லாக நம் மேடைகளிலும் ஏடுகளிலும் புழங்கியதை இக்கருவியால் அளக்க முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலங்கையின் ‘நூலகம்’ நிறுவனமும் அரும்பாடுபட்டு மின்னாக்கியுள்ள நூல்களையும் இதழ்களையும் சொல் சொல்லாகத் தேடத்தக்க எழுத்துவடிவுக்கு மாற்றினால், இத்தகைய ஒரு சேவையைத் தமிழுக்கென்றே உருவாக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து இதை முன்னெடுக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.